கடல் கடந்த பள்ளிக்கூடங்கள்

நமது கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். நம் மாலை வகுப்பிற்கு வரும் மாணவர் சிலர் அண்மையில் எழுப்பிய வினா ஒன்றனையே பொருளாகக் கொண்டேன். இங்கிலாந்தின் பெரும்பள்ளிகள் தம் பெயரிலேயே இந்தியாவில் பள்ளி திறக்கின்றனவாமே, அவை நம்மைப் போன்றோர்க்கும் உரியனவா என்பது அவர்தம் வினா. ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் அவ்விடையின் பின்னே 200 ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறு உள்ளது. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி இச்சென்னை மாநகரில் நிகழ்ந்தது. ஒரு வகையில் நம் கிண்டியின் கதையோடும் அது பின்னிக் கிடக்கிறது.

முதலில் இக்காலச் செய்தியைக் கூறிவிடுகிறேன். இலண்டன் மாநகரின் டல்விச் கல்லூரி 1996ஆம் ஆண்டு தாய்லாந்தின் புக்கெட் தீவில் தன் பெயரில் ஒரு பள்ளியைத் தோற்றுவித்தது. 1998இல் ஹாரோ பள்ளியின் பெயரில் பாங்காக்கிலும், 2007இல் ரெப்டன் பள்ளியின் பெயரில் துபாயிலும் பள்ளிகள் எழுந்தன. பின்னர்ச் சீனத்திலும் அரபு நாடுகளிலும் இவை பெருகின. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு பெங்களூரில் ஹாரோவும் புனேயில் வெலிங்டனும் தொடங்கின. 2025இல் போபாலில் ஷ்ரூஸ்பரி பள்ளி தொடங்கிற்று. உள்நாட்டு முதலீட்டாளர் நிலமும் கட்டடமும் அமைப்பர். இங்கிலாந்துப் பள்ளி தன் பெயரையும் மரபையும் மேற்பார்வையையும் வழங்கும். அதற்கென ஒரு தொகை தாய்ப்பள்ளிக்குச் செல்லும். ஆண்டுக் கட்டணம் பல இலட்சம் ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரும் அவ்வருவாயின் ஒரு பகுதியைக்கொண்டு தம் நாட்டு ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்குவதாகத் தாய்ப்பள்ளிகள் பல கூறுகின்றன. நன்று. பெங்களூர்ச் செல்வர் கட்டும் பணம் இங்கிலாந்தில் ஓர் ஏழைச் சிறுவனைப் படிக்க வைக்கலாம். பெங்களூர்ச் சேரிச் சிறுவன் இக்கணக்கில் எவ்விடத்தும் வருவதில்லை.

(தெருவுக்குத் தெரு 'இன்டர்நேஷனல்' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகளை நான் ஈண்டுக் குறிக்கவில்லை. பலகையில் மட்டும் உலகம் தெரியும் பள்ளிகள் அவை. அவற்றை நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய பெற்றோர் பலரை நான் அறிவேன்.)

ஏழைகட்கெனப் பிறந்தவை

இப்பெரும்பள்ளிகள் தோன்றியபோது யாருக்காகத் தோன்றின என்பதை நம் இளைஞர் அறிந்துகொள்ளுதல் நலம். 1382ஆம் ஆண்டு வின்செஸ்டர் கல்லூரி நிறுவப்பட்டபோது, 70 ஏழை மாணவர் அதில் பயில வேண்டும் என்பது நிறுவியவரின் கட்டளை. 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டன் கல்லூரியை அமைத்தபோதும் அவ்வாறே 70 ஏழை மாணவர்க்கு இடம் வகுத்தார். ஹாரோ பள்ளியோ ஜான் லயன் என்னும் ஓர் உழவர், எலிசபெத் அரசியாரிடம் 1572இல் உரிமைப் பட்டயம் பெற்று, தம் ஊர்ப் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயிலுதற்கென ஏற்படுத்தியது. இலவசமாகப் பயில வேண்டியவர் ஊர்ப்பிள்ளைகள். அவர்களோடு கட்டணம் செலுத்தும் வெளியூர்ப் பிள்ளைகளையும் ஆசிரியர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு சிறு இடம் இருந்தது. அச்சிறு வாயில் வழியே பிரபுக்களின் பிள்ளைகள் வந்து நிறைந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளி தம் பிள்ளைகட்கு உரியது என்று ஊரார் நீதிமன்றம் ஏறினர். 1810இல் தீர்ப்பு அவர்கட்கு எதிராயிற்று. முடிவில் 1876இல் ஊர்ப்பிள்ளைகட்கென வேறொரு பள்ளி தனியே அமைக்கப்பட்டது. ஏழைகட்கெனத் தொடங்கிய பள்ளியிலிருந்து ஏழைகளை வெளியேற்றி, அவர்கட்குப் பக்கத்தில் வேறொரு பள்ளி காட்டப்பட்டது எனலாம். 'பொதுப்பள்ளி' என்னும் பெயர் மட்டும் மாறவில்லை!

சேரிக்கென்று தனிப்பள்ளி, ஊருக்கென்று தனிப்பள்ளி என்னும் ஏற்பாட்டினை நாம் நன்கறிவோம். நம் நாட்டில் அதற்குச் சாதி காரணம். அங்கே வர்க்கம் காரணம். வாயிலில் நின்றவனின் நிலை இரண்டிடத்தும் ஏறத்தாழ ஒன்றே.

சென்னை ஏற்றுமதி செய்த கல்விமுறை

இங்கிலாந்தின் பள்ளி இந்தியாவிற்கு வருவது இன்றைய செய்தி. சென்னையின் பள்ளி இங்கிலாந்திற்குச் சென்றது அதனினும் பழைய செய்தி. பலர் அறியாதது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஐரோப்பிய வீரர்கட்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் பலர், தந்தையை இழந்தும் தந்தையால் கைவிடப்பட்டும் சென்னைத் தெருக்களில் அலைந்தனர். அவர்கட்கென எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்று அமைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் இதன் மேற்பார்வையாளர் ஆனார். இப்பணிக்கு ஊதியம் வேண்டாம் என்றார்.

ஆசிரியர் சிலரே, அவர்களும் ஆர்வமற்றவர். என் போன்ற தலைமையாசிரியர்க்கு இந்நிலை நன்கு விளங்கும். ஒரு நாள் பெல் குதிரையேறிச் செல்கையில், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றன் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டா. தவறாயின் கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். விடுதிக்குத் திரும்பியதும் அம்முறையைக் கைக்கொள்ளுமாறு கீழ்வகுப்பு ஆசிரியரிடம் கூறினார். அவர் அது இயலாது என்றார். பெல் மனந்தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை, படைவீரன் ஒருவனின் மகனை, அழைத்து அவ்வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர் இயலாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அது முதல் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை அவ்விடுதி முழுவதும் பரவிற்று.

நம் பெரியோர் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைப் பற்றிக் கூறக் கேட்டிருப்பீர்கள். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குக் கற்பிப்பதும், மணலில் எழுதுவதும் நம் நாட்டுத் திண்ணைக்குப் புதியன அல்ல. எனினும் அத்திண்ணை பெரும்பாலும் ஊரின் திண்ணை. சேரியின் பிள்ளை அதன்மேல் ஏறுதல் அரிது. இதனையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் வாய் மூடிக்கொள்வது வழக்கம்.

1796இல் சென்னையை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டு இலண்டனில் தம் அநுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். ஓர் ஆசிரியர் சட்டாம்பிள்ளைகளின் துணையால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மிகக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்ற செய்தி, ஆலைத் தொழில் பெருகிவந்த இங்கிலாந்தில் நல்ல வரவேற்பைப் பெற்றது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனை ஒத்த முறையை இலண்டனில் நடத்தி வந்தார். முதலில் கண்டறிந்தவர் யார் என்று இருவரின் ஆதரவாளரும் நெடுநாள் சண்டையிட்டனர். அச்சண்டை நமக்கு வேண்டா. 1811இல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தோர் அமைத்த தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ஏற்றது. 1832இல் அவர் மறைந்தபோது பல்லாயிரம் பள்ளிகளில் அம்முறை நடைபெற்று வந்தது. அதன் பெயர் 'மெட்ராஸ் முறை'. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்திலும் 'மெட்ராஸ் பள்ளி' என்னும் பெயரில் பள்ளிகள் நடைபெற்றன. பெல் பிறந்த ஊரில் அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்று பெயர். அது இன்றும் நடைபெறுகிறது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு மற்றொரு செய்தி: எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய பல்கலைக்கழகங்களில் 1876இல் கல்வியியலுக்கெனப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டதும் பெல்லின் அறக்கட்டளைப் பணத்தாலேயே.

இத்துணைப் புகழ்பெற்ற பெல், ஏழைப் பிள்ளைகட்கு மிகுதியான கல்வி வேண்டும் என்று கருதியவர் அல்லர். வேதநூலைப் படிக்கத் தெரிந்தால் போதும்; ஏழைகள் அனைவர்க்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தால் அவர்கள் தம் நிலையில் மனநிறைவு கொள்ளார் என்று அவர் எழுதினார். முறை மலிவானது என்பதே அதன் பெருஞ்சிறப்பாகப் போற்றப்பட்டது. சென்னைத் திண்ணையின் மணல் கடல் கடந்து சென்று, இங்கிலாந்தின் ஏழைகட்கு அளந்து கொடுக்கும் கல்வியாயிற்று. ஈட்டனிலும் ஹாரோவிலும் எவரும் சட்டாம்பிள்ளையிடம் மணலில் எழுதப் பழகவில்லை.

எழும்பூர் விடுதியின் வேறொரு கிளை நம் பகுதியில் வந்து முடிகிறது. கம்பெனியின் வானியல் அறிஞரும் நில அளவையாளருமாகிய மைக்கேல் டாப்பிங் 1794இல் நில அளவைப் பள்ளி ஒன்றை 8 மாணவரோடு தொடங்கினார். ஆண் அநாதை விடுதிச் சிறுவரே அதற்குப் பயிற்சியாளராக எடுக்கப்பட்டனர். ஐரோப்பிய அளவையாளரை வரவழைத்தால் செலவு மிகும். ஆதரவற்ற சிறுவரைப் பழக்கினால் செலவு குறையும் என்பது கம்பெனியின் கணக்கு. அப்பள்ளி 1859இல் பொறியியற் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு வந்தது. ஆம், நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கிண்டிப் பொறியியற் கல்லூரியே அது. அதன் முதல் மாணவர் தந்தையற்ற ஏழைச் சிறுவர் என்பதை அதன் மதிலோரம் நடப்போரில் எத்தனை பேர் அறிவர்?

இருவகைப் பள்ளிகள்

ஆங்கிலேயர் தம் ஆட்சி பரவிய நாடுகளில் எல்லாம் இருவகைப் பள்ளிகளைக் கண்டனர். ஆள்வதற்குத் துணைநிற்போர்க்கு ஒரு வகை. உழைப்போர்க்கு மற்றொரு வகை.

முதல் வகைக்கு அஜ்மீரில் 1875இல் தொடங்கிய மேயோ கல்லூரி சான்று. சுதேச மன்னர்களின் பிள்ளைகளை ஈட்டன் பாணியில் வளர்ப்பதே அதன் நோக்கம். முதல் மாணவராகிய ஆல்வார் இளவரசர் யானைமீது பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார் என்பர். மலாயாவில் 1905இல் கோலாகங்சாரில் மலாய் அரச குடும்பத்துப் பிள்ளைகட்கென ஓர் உண்டுறைப் பள்ளி தொடங்கப்பெற்று, 'கீழ்த்திசையின் ஈட்டன்' என்று பெயர் பெற்றது. நம் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் மாளிகையில் சிறுவயது ஜமீன்தார்களை ஆங்கில ஆசிரியர் மேற்பார்வையில் தங்க வைத்துப் பயிற்றினர். 1919இல் அதன் தலைவர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கினால் அப்பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. 1935இல் தேராதூனில் தொடங்கிய டூன் பள்ளி இந்தியரின் முயற்சியால் எழுந்தது. எனினும் அதன் முதல் தலைமையாசிரியர் ஈட்டனிலிருந்தே அழைத்துவரப்பட்டார்.

இரண்டாம் வகையை அறிய, கோலாகங்சாருக்குச் சென்ற அதே மலாயாவில் இரப்பர்த் தோட்டங்களுக்குள் செல்ல வேண்டும். கங்காணியின் பின்னே கப்பலேறிய தமிழருள் நம் மக்கள் பெருந்தொகையினர். செங்கற்பட்டு, தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் சேரிகளிலிருந்து சென்றோர் அவர்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. இலங்கையிலும் 1907இல் தோட்டப் பள்ளிகளுக்கெனச் சட்டம் வந்தது. சட்டத்திற்காக ஒரு கொட்டகை. கங்காணியோ எழுத்தரோ ஓய்வு நேரத்தில் ஆசிரியர். வெயிலேறும்வரை பிள்ளையும் பால்மரத்தடியில் வேலை. தோட்டத்திற்கு வெளியே உலகம் உண்டு என்பதைக் காட்ட அப்பள்ளி அமைக்கப்படவில்லை. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் போகாதிருக்கவே அமைக்கப்பட்டது. ஆயினும் பெற்றோரும் ஆசிரியருமாகச் சேர்ந்து அக்கொட்டகைகளைக் காத்து வளர்த்தனர். மலேசியாவில் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசின் கல்வித்துறையில் இயங்குகின்றன. அவற்றுள் பல அத்தோட்டப் பள்ளிகளின் வழிவந்தவை. யானைமீது வந்தவரின் பள்ளியைக் காட்டிலும் இவை எனக்கு வியப்பளிக்கின்றன.

வாயில் திறந்த வரலாறு

சென்னைக்கு மீண்டும் வருவோம். 1837இல் ஸ்காட்லாந்துச் சபையின் ஜான் ஆண்டர்சன் பாதிரியார், தம் நாட்டுப் பள்ளியின் பாணியில் ஆங்கிலப் பள்ளி ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். ஆங்கிலம் கற்றால் கம்பெனியில் வேலை. ஆகவே மேற்சாதியார் தம் பிள்ளைகளை விரைந்து அனுப்பினர். 1838இல் பறையர் குலச் சிறுவர் சிலர் அங்கே பயில்வது தெரியவந்தது. அவர்களை நீக்க வேண்டும். அன்றித் தனி இருக்கையிலாவது அமர்த்த வேண்டும் என்று பெற்றோர் முறையிட்டனர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பெருந்தொகையாக வெளியேறினர், வகுப்பறைகள் வெறிச்சோடின. அவர் அசையவில்லை. பின்னர்ப் பள்ளி மெல்ல மெல்ல நிரம்பிற்று. அப்பள்ளியே சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கட்டணம் செலுத்தும் கூட்டம் ஒருபுறமும் பெயர் தெரியாத சில சிறுவர் மறுபுறமுமாக நின்றபோது ஒரு தலைமையாசிரியர் எடுத்த முடிவு அது. அச்சிறுவரின் பெயர்களையும் வரலாறு காத்து வைத்திருக்கலாம்.

ஓர் ஆண்டர்சனால் நாடு மாறிவிடவில்லை. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டித அயோத்திதாசர் எழுந்து, நம் பிள்ளைகட்கு நான்காம் வகுப்பு வரையிலாவது இலவசக் கல்வியும், நிலமற்றோர்க்குத் தரிசு நிலமும் வேண்டினார். நான்காம் வகுப்பு வரை! மேயோ கல்லூரி தோன்றிப் 17 ஆண்டுகள் கழிந்த பின்னரும் நம்மவர் கேட்க முடிந்தது அவ்வளவே. மறு ஆண்டு, 1893 பிப்ரவரி முதல் நாள், பஞ்சமர் கல்வி குறித்த 68ஆம் எண் அரசாணை பிறந்தது. பள்ளிக்குப் புறம்போக்கு நிலம், ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை, நம் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிக்கு மிகுந்த மானியம் ஆகியவற்றை அது கூறிற்று. ஆணை தாளில் இருந்தது. ஊரில் நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

1894இல் அமெரிக்கராகிய கர்னல் ஆல்காட், அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அடுத்துக் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஜமீன்தார் பிள்ளைகள் பயின்ற தேனாம்பேட்டையில் நம் பிள்ளைகட்கும் ஒரு கூரைப்பள்ளி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பெற்றது. சாரா பால்மர் என்னும் அமெரிக்க அம்மையார் இப்பள்ளிகளை மேற்பார்வையிட்டு, விளையாட்டு வழியே குழந்தைகட்குக் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையை இங்கே கொணர்ந்தார். செல்வர் வீட்டுக் குழந்தைகட்கே கிட்டாத முறை குடிசைப் பிள்ளைகட்குக் கிட்டிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த பள்ளிமுறை நம் வாயிலுக்கு நேராக வந்த அரிய நிகழ்ச்சி இது. ஊரூரில் தோன்றிய பள்ளி, ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் கட்டணமின்றி நடைபெறுகிறது.

கிண்டிக்கு அடுத்த பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம். சி. ராஜா, இராயப்பேட்டை வெஸ்லிப் பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். ஆண்டர்சன் தம் மாணவரை இழந்து காத்த வாயில் வழியே நுழைந்தவர் எனலாம். ஆசிரியராகப் பணியாற்றி, பாடநூல்கள் எழுதி, சட்டமன்றம் புகுந்தார். 1922இல் நம்மைப் பஞ்சமர், பறையர் என்று குறிப்பதை விடுத்து ஆதிதிராவிடர் என்று குறிக்க வேண்டும் என்னும் தீர்மானம் அவர் முயற்சியால் நிறைவேறிற்று. பள்ளி, விடுதி, உதவித்தொகை என்று சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய குரல் ஓயவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டன் சென்றார். நம் மக்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் கல்வி என்பது அங்குள்ள பெயரை இங்கே விலைக்கு வாங்குவதால் வந்ததன்று. இங்குள்ள பிள்ளை உதவித்தொகையோடு அங்கே சென்றதால் வந்தது. பட்டியல் சாதி மாணவர்க்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கான தேசிய உதவித்தொகையை நடுவணரசு 1950களிலிருந்து வழங்கி வருகிறது. 2022இல் வந்த விதிமுறை, இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூக ஆய்வு ஆகிய பொருள்களை அவ்வுதவித்தொகைக்கு உரியன அல்ல என்று விலக்கிற்று. நம்மைப் பற்றி நாமே வெளிநாட்டில் ஆராய்தல் வேண்டாம் என்பதன்றி இதற்கு வேறு பொருள் எனக்கு விளங்கவில்லை. இத்திட்டத்தை நம் பட்டதாரிகள் மிகக் குறைவாகவே அறிந்திருக்கின்றனர். பெங்களூர்ப் பள்ளியின் கட்டணத்தைப் பேசும் நேரத்தில் கால்பங்கு இதனைப் பேசலாம்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழக அரசு 2020இல் சட்டம் இயற்றியது. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. இவ்வொதுக்கீட்டில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. 8 அநாதைச் சிறுவரோடு தொடங்கிய அக்கல்லூரியின் இடங்களும் இதனுள் அடங்கும். அரசுப் பள்ளியில் பயின்றதற்கான சான்றினைப் பெறுவதில் காலத்தாழ்வு செய்து வாய்ப்பை இழப்போர் உளர். 12ஆம் வகுப்பில் இருப்போர் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், இதுவரை பயின்ற ஒவ்வொரு பள்ளியின் சான்றினையும் இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, சங்க அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார்களாக.